சாய்ந்த ஒளியும் சாட்சியமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

வாரத்தில் ஐந்து நாள் நான் இக்கல்லூரியின் இயற்பியல் மாணவன். முகூர்த்த நாட்களில் எங்களூர் ஸ்டுடியோ அண்ணனிடம் லைட் பிடிக்கும் பையன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பேருந்துச் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அந்தக் கூலிதான் கைகொடுக்கிறது. தவிரவும், ஒளியைப் பற்றிப் பாதியை வகுப்பறையில் கற்றேன் என்றால், மீதியைக் கல்யாண மண்டபங்களில்தான் கற்றேன்.

மண்டபத்தில் அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் மறைப்பது. மணப்பெண்ணின் கன்னத்தில் தழும்பு இருக்கிறதா? விளக்கை முகத்துக்கு நேரே கொண்டுவா, வெள்ளைக் குடையைப் போடு, நிழலே விழாமல் பார்த்துக்கொள். நிழல் இல்லையேல் மேடுபள்ளம் இல்லை. மேடுபள்ளம் இல்லையேல் தழும்பும் இல்லை. பெண் வீட்டார் மகிழ்ந்து ஆல்பத்துக்குப் பணம் கொடுப்பார்கள். ஆனால் குற்றம் நடந்த இடத்தில் இதே வித்தையைச் செய்தால் என்ன ஆகும்? எந்தத் தழும்பைக் காட்ட வேண்டுமோ அதுவே மறைந்து போகும். குற்றக் களத்தில் படம் எடுப்பது கேமரா தெரிந்தவர் வேலை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ஒளி தெரிந்தவர் வேலை என்பது என் கட்சி.

இதை நான் சும்மா வாதத்துக்காகச் சொல்லவில்லை. 2023இல், நான் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போயிற்று. முந்திய இரவு நல்ல மழை. கொல்லைப்புற ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம் அச்சு வார்த்தாற்போல் பதிந்திருந்தது. விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் நின்றபடியே கைபேசியை நீட்டி, பிளாஷ் போட்டு, இரண்டு படம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் அளவுகோல் வைக்கவில்லை. நேரமோ பகல் பன்னிரண்டு மணி, வெயில் உச்சந்தலையில். அதன்பின் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தடத்தை மிதித்தே அழித்துவிட்டது.

முதல் நாள் அந்த வீட்டில் ஓடு மாற்றும் வேலைக்குப் போயிருந்தவர் என் சித்தப்பா. அவர் காலில் கிடந்ததும் சந்தையில் குவித்து விற்கும் அதே ரகத்து ரப்பர் செருப்பு. மூன்று நாள் அவரைக் காலையில் வரச் சொல்லி மாலையில் அனுப்பினார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். செருப்பு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சித்தப்பாவின் வலது செருப்பில் குதிகால் ஓரமாக ஆணி கிழித்த வெட்டு ஒன்று உண்டு. மண்ணில் பதிந்த தடத்தில் அந்த வெட்டு இருந்ததா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. படம் அதற்குப் பதில் சொல்லவில்லை. திருட்டுப் பொருள் வேறோர் ஊரில் அகப்பட்ட பிறகே அவரை விட்டார்கள். அந்த மூன்று நாளும் சித்தி வாசல் தெளிக்கக்கூட வெளியே வரவில்லை.

படம் ஏன் பேசவில்லை என்பது கல்லூரிக்கு வந்து ஒளியியல் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று. கணக்கு மிக எளிது. மண்ணில் ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு வரப்பு இருப்பதாகக் கொள்வோம். உச்சி வெயிலில் அதற்கு நிழலே இல்லை என்னலாம். ஒளி 45 பாகையில் விழுந்தால் நிழல் ஒரு மில்லிமீட்டர். அதையே 15 பாகைக்குத் தாழ்த்தினால் நிழல் 3.7 மில்லிமீட்டராக நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத வரப்பு, தன்னைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள கறுப்புக் கோடாகிவிடுகிறது! மாலை வெயிலில் வயல் வரப்பு எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்று பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். ஆகவே தடயப் படம் எடுப்பவர் முதலில் ஒரு துணியையோ அட்டையையோ பிடித்து வெயிலை மறைக்கிறார். பிறகு விளக்கைத் தரையோரமாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடிக்கிறார். ஒரு பக்கம் மட்டும் போதாது. ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடு நிழல் தராது. ஆதலால் மூன்று நான்கு திசைகளிலிருந்து தனித்தனியே எடுக்கவேண்டும். தடம் ஆழமாக இருந்தால் விளக்கைச் சற்று உயர்த்தவேண்டும். இல்லாவிடில் பள்ளம் முழுவதும் இருட்டாகிவிடும்.

விளக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது? இங்கே நாம் பரீட்சைக்கு உருப்போட்ட எதிர்த்தகவு இருமடி விதி வந்து நிற்கிறது. முப்பது சென்டிமீட்டர் தடத்துக்கு அரை மீட்டரில் விளக்கைப் பிடித்தால், அருகு முனைக்குக் கிடைக்கும் ஒளி தொலை முனைக்குக் கிடைப்பதைப்போல் இரண்டரை மடங்கு. ஒரு முனை வெளுத்துப்போகும், மறுமுனை இருண்டுபோகும். விளக்கை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளினால் அந்த வேறுபாடு ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கேமராவிலேயே ஒட்டியிருக்கும் பிளாஷால் இது எப்படி முடியும்? அது கண்ணுக்குப் பக்கத்திலேயே விளக்கை வைத்துக்கொண்டு, தான் உண்டாக்கும் நிழலைத் தானே ஒளித்துக்கொள்கிறது. மணப்பெண்ணுக்கு நல்லது, மண்ணுக்கு ஆகாது.

அளவுகோல் விஷயம் இன்னும் வேடிக்கையானது. அது படத்தில் இருந்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். தடம் இரண்டு சென்டிமீட்டர் ஆழம், அளவுகோல் மேலே தரைமட்டத்தில் கிடக்கிறது, கேமரா அதற்கு அரை மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இருக்கும் அளவுகோல் பெரிதாகவும், தொலைவில் இருக்கும் தடம் சிறிதாகவும் விழும். 26 சென்டிமீட்டர் தடம் படத்தில் 25 என்று அளந்து வரும். செருப்புக் கடையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர்தான். எட்டாம் எண் ஏழாம் எண்ணாக மாறியாயிற்று. ஒரு மனிதன் மாட்டிக்கொள்ளவும் தப்பித்துக்கொள்ளவும் அது போதாதா? அளவுகோல் தடத்தின் அடிமட்டத்துக்கே இறங்கவேண்டும், கேமரா ஸ்டாண்டில் நின்று தடத்தை நேர் செங்குத்தாகப் பார்க்கவேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். நின்றபடி சாய்த்து எடுத்தால் வட்டம்கூட முட்டையாகிவிடுகிறது.

இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. அளவுகோல் இல்லாமல் ஒரு படம், வைத்து ஒரு படம். அளவுகோலுக்கு அடியில் எதை மறைத்தீர்கள் என்று நாளை வழக்கறிஞர் கேட்டால் முதல் படம் பதில் சொல்லும். அதுபோலவே முதலில் அறை முழுவதும், அடுத்துப் பொருளும் அதன் சுற்றுப்புறமும், கடைசியாகப் பொருள் மட்டும் அண்மையில் என்று மூன்று படியாக எடுக்கவேண்டும். அண்மைப் படம் மட்டும் இருந்தால் அந்தக் கத்தி சமையலறையில் கிடந்ததா சாமி அறையில் கிடந்ததா என்று யாரால் கூற முடியும்? கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டவும் வழிகள் உள்ளன. கறுப்புத் துணியில் உலர்ந்த இரத்தக் கறையை நம் கண் காணாது. அகச்சிவப்பில் எடுத்தால் பல சாயங்கள் வெளுத்துத் தெரிய, கறை மட்டும் கறுத்து நிற்கும். கழுவித் துடைத்த தரையில் லூமினால் தெளித்தால் மங்கிய நீல ஒளி எழும். இருட்டறையில் ஸ்டாண்டின் மேல் கேமராவைப் பல நொடிகள் திறந்து வைத்தால்தான் அது படத்தில் விழும்.

இவையெல்லாம் புதுமை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிஸ் காவல் துறையில் பெர்த்தியோன் என்பவர் உயரமான ஸ்டாண்டில் கேமராவை ஏற்றி, கொலைக் களத்தை மேலிருந்து அளவுகளோடு படம் பிடித்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ரைஸ் 1909இல் குற்றவியல் அறிவியலுக்கென்றே ஒரு கல்விக்கூடம் நிறுவினார். அவர் காவல்காரர் அல்லர். வேதியியல் படித்தவர், புகைப்படத்தில் தேர்ந்தவர். ஒரு பல்கலைக்கழகத்து ஆய்வகத்திலிருந்துதான் இந்தக் கலை முறையான கல்வியாக வளர்ந்தது என்பதை நம் பேராசிரியப் பெருமக்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

படம் வழக்கையே திருப்பிவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில், குண்டு வெடிப்பில் இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் கேமராவில் எஞ்சியிருந்த பத்துப் படங்கள்தாம் புலனாய்வுக்கு வழிகாட்டின. ஆனால் அது தற்செயலாக வாய்த்தது. தற்செயலை நம்பி நீதி இருக்கலாகாது.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் களத்துக்கு வரவேண்டும், தடயம் சேகரிப்பதைக் கைபேசியிலோ வேறு கருவியிலோ வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது. இதைச் செயலுக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் தந்திருக்கிறது. நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் கைபேசி என்ற சொல்லைப் படித்தவுடன் எனக்குச் சித்தப்பாவின் நினைவு வந்துவிட்டது.

கைபேசி மீது எனக்குப் பகையில்லை. அதன் கேமரா நல்ல கேமராதான். ஆனால் அது கல்யாணக் கேமரா. இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கிறது; நிழலைத் தானாகவே தூக்கிவிடுகிறது; சொரசொரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிறது. அழகாக்குவதே அதற்கு இட்ட வேலை. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது மேலும் சுருங்குகிறது, எப்போது எதில் எடுத்தது என்ற குறிப்பும் உதிர்ந்துபோகிறது. புதிய சாட்சியச் சட்டமோ மின்னணுப் பதிவுக்கு ஹாஷ் எண்ணுடன் சான்றிதழ் கேட்கிறது. பிளாஷை அணைத்து, ஸ்டாண்டில் வைத்து, அளவுகோல் போட்டு, பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்து, எடுத்த கோப்பை அப்படியே பாதுகாத்தால் அதே கைபேசி நல்ல சாட்சியாகும். குறை கருவியில் இல்லை. அதைப் பிடிக்கும் கைக்கு யாரும் ஒளியைக் கற்பிக்கவில்லை.

கற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இங்கே இருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் அரசு கலைக் கல்லூரிகளிலிருந்து இயற்பியல் பட்டம் பெற்று வெளியேறுகிறோம். நியூட்டன் வளையங்களை அளக்கிறோம், சோடிய விளக்கை அணைக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், பிறகு கிடைத்த வேலைக்குப் போகிறோம். தடய அறிவியல் துறையிலும் காவல் துறையிலும் களப் படப்பிடிப்புக்கென்றே இயற்பியல் பட்டதாரிகளை நியமித்துப் பயிற்சி கொடுத்தால் என்ன? அது அரசு செய்யவேண்டியது. நம் கல்லூரி செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒளியியல் செய்முறைகளோடு சாய்ந்த ஒளிப் படம் என்று ஒரு செய்முறையைச் சேர்ப்பது. பாடத்திட்டத்தில் இல்லாததற்கு நேரம் ஏது என்று ஒரு விரிவுரையாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பிற்பகல் போதும் ஐயா என்றேன். சிரித்துவிட்டு, நீயே செய்து காட்டு என்றார்.

செய்தேன். தாவரவியல் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிய பாத்தி ஒன்றில், சித்தப்பாவின் அந்தப் பழைய வலது செருப்பைப் போட்டு மிதித்தேன். முதலில் நின்றபடியே, உச்சி வெயிலில், பிளாஷ் போட்டு ஒரு படம். பிறகு நண்பன் ஒருவன் கறுப்புத் துணியால் வெயிலை மறைக்க, ஸ்டுடியோ ஸ்டாண்டில் அதே கைபேசியைக் குப்புறக் கட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி டார்ச்சைத் தரையோரமாகப் பிடித்து நான்கு படங்கள். முதல் படத்தில் ஒரு செருப்பு தெரிந்தது. மூன்றாம் திசைப் படத்தில் குதிகால் ஓரத்து வெட்டு, நகக்கீறல்போல், முழுசாகத் தெரிந்தது.

அன்று இரவு இரண்டையும் சித்தப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டார்ச்சு என்ன விலைடா?" என்றார்.

சொன்னேன்.

"என் ஒரு நாள் கூலிகூட இல்லியே தம்பி" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.