மருமகள் ஜூடோவுக்குப் போகிறாள்

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில், பக்கத்து இலைக்காரர், எனக்குத் தூரத்து உறவு, பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "உங்க மருமவ ஏதோ சண்டைப் பயிற்சிக்குப் போவுதாமே, நாலு வயசுப் பிள்ளைய வுட்டுட்டு?"

முன்பாதி சும்மா முகவுரை. கேள்வி பின்பாதியில்தான் இருந்தது. "ஆமாம், போகிறாள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டேன். எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் தோன்றும். முப்பத்தெட்டு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எழுதினால்தான் பதில் வரும் போலிருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை.

முதலில் விவரம். மருமகள் கல்லூரியில் ஜூடோ ஆடியவள். பல்கலைக்கழக அணியில் இருந்து இரண்டு பதக்கம் வாங்கியிருக்கிறாள். கல்யாணம் ஆனதும் நின்றது, பிள்ளை பிறந்ததும் மறந்தே போனது என்று நாங்கள் நினைத்தோம். அவள் மறக்கவில்லை. போன வருடம் ஜூனில் ஒரு நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "மாமா, திரும்ப பிராக்டீஸ் போகலாம்னு இருக்கேன். வாரத்துல மூணு நாள், காலையில அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நீளும்" என்றாள். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பேரன் ஆறு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவான். கணக்கு எனக்கு உடனே புரிந்தது. "யோசிச்சு சொல்றேம்மா" என்றேன்.

ஏதோ அனுமதி கொடுக்கும் இடத்தில் நான் இருப்பதுபோல யோசிப்பதாகச் சொன்னதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இரவு என் வீட்டம்மாவிடம், "பிள்ளை சின்னது, கொஞ்ச வருஷம் போகட்டுமே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க கம்பு சுத்தப் போனீங்களே, அப்ப நம்ம பெரியவளுக்கு என்ன வயசு?"

கைக்குழந்தை. ஒன்றரை வயது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் சிலம்பப் புராணம் தெரியும். கல்வே பள்ளியில் பிரெஞ்சில் படித்துவிட்டு, மாலையில் முத்தியால்பேட்டைத் தோப்பில் வாத்தியாரிடம் புருவ உயரப் பிரம்பைப் பிடித்துக் காலடி வரிசை பழகியவன் நான். வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை. 1980-ல் கல்யாணம். 1984 வரை போட்டிகளுக்குப் போனேன். காணும் பொங்கல், கோயில் திருவிழா என்று வில்லியனூர், பாகூர், கடலூர், விழுப்புரம். கம்பின் நுனியில் சுண்ணாம்பு தடவி, யார் மேல் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுகிற ஆட்டம். எனக்குக் கிடைத்த மொத்தப் பரிசு இரண்டு எவர்சில்வர் குடம், ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் ஓடவே இல்லை.

சலாவரிசை போட்டு ஊரைக் கும்பிட்டதைப் பற்றி நான் இங்கே மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது யார், மண்ணும் வியர்வையுமான வேட்டியைத் துவைத்தது யார், நான் விழுப்புரத்தில் கம்பு வீசிய ஞாயிற்றுக்கிழமை பெரியவளுக்குப் பேதி கண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. பந்தியில் யாரும் என்னைப் பார்த்து, "ஒன்றரை வயசுப் பிள்ளைய வுட்டுட்டா போற?" என்று கேட்டதும் இல்லை.

"அப்ப நான் பார்த்தேன். இப்ப நீங்க பாருங்க" என்றார் வீட்டம்மா. விஷயம் முடிந்தது.

வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற, போட்டிக்கும் போகிற பெண்ணைப் பார்த்து நாம், "எப்படிம்மா எல்லாத்தையும் சமாளிக்கிற?" என்று கேட்கிறோம். பாராட்டு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் சமாளிப்பது என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. அரசாங்கத்தில் கணக்குப் பார்த்தவர்களுக்கு ரீஅப்ராப்ரியேஷன் என்ற வார்த்தை தெரியும். மறு ஒதுக்கீடு. மார்ச் மாதம் வந்தால் போதும், அந்த ஃபைல்களாகத்தான் வரும். புதுப் பணம் ஒரு பைசா வராது. ஒரு தலைப்பில் எடுத்து இன்னொரு தலைப்பில் போட வேண்டும். எடுக்கிற தலைப்பில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டுவோம். நேரமும் அப்படித்தான். நாளுக்கு இருபத்து நாலு மணி, துணை மானியம் எல்லாம் கிடையாது. காலையில் ஒன்றரை மணி நேரம் ஜூடோவுக்குப் போகிறது என்றால் அது யாரோ ஒருவருடைய தூக்கத்திலிருந்தோ ஓய்விலிருந்தோ போகிறது. என் காலத்தில் அது முழுக்க என் மனைவியின் தலைப்பிலிருந்து போனது, அவர் கையெழுத்து இல்லாமலே. நாற்பது வருடம் கழித்து ஆடிட் ஆட்சேபணை வந்திருக்கிறது. நியாயமான ஆட்சேபணை.

இதைப் பழைய ஆட்களாகிய நாம்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் வீட்டில் இன்றைக்கு மிச்சம் உள்ள தலைப்பு நம்முடையதுதான். மகனும் மருமகளும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் காலை ஐந்து மணிக்கு எழுந்து, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கும் பழைய துறைமுகத்துக்கும் நடுவே நடந்து, ஆட்சி சரியில்லை என்று பேசிவிட்டு வருகிறோம்.

பிரான்சில் உறவு வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நான் ஒரு முறை பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல் ஊரில் தங்கை மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். புதன்கிழமை மதியம் அங்கே பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு ஜூடோ கூடத்துக்கு வருவார்கள். அந்த நாட்டில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஜூடோ சங்கத்தில் பதிந்திருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் மரியாதை, துணிவு, அடக்கம் என்று எட்டு குணங்கள் எழுதிய அட்டை தொங்கும். என் கண்ணில் பட்டது வேறு. சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். தாத்தா, பாட்டி. ஒருவர் பேத்தியின் இடுப்புப் பட்டையைக் கட்டிவிடத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

டிவியில் கிளாரிஸ் அக்பெக்னெனூவின் ஆட்டங்களை நான் விடாமல் பார்ப்பேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 63 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். 2022 ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. 2023 மே மாதம் தோஹாவில் ஆறாவது முறையாக உலகப் பட்டம். குழந்தையைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்த்தான் பயிற்சி எடுத்தார். பால் கொடுக்கும் தாய்மார் பிள்ளையோடு இருக்க வழி செய்ய வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் பிரெஞ்சு அணித் தாய்மாருக்கு வீரர் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஓட்டலில் அறை கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் அவருக்குத் தனிநபர் வெண்கலம், அணிக்குத் தங்கம். நம் மேரி கோமும் 2007-ல் இரட்டைப் பிள்ளை பெற்று 2008-ல் உலகப் பட்டம் வாங்கியவர்தான்.

ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. "அவங்க செய்யறாங்களே, உனக்கு என்ன?" என்று இடித்துக்காட்டவும் இதே பெயர்கள்தான் உதவுகின்றன. அவர்களுக்குப் பின்னால் சங்கம் இருந்தது, பயிற்சியாளர்கள் இருந்தார்கள், அரசு இருந்தது. என் மருமகளுக்கு யார்? நான் சிப்பந்திப் பிரிவில் இருந்தபோது விளையாட்டுக்காரர்களுக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு ஃபைல் போட்டிருக்கிறேன். தேசிய, சர்வதேசப் போட்டி என்றால் ஆண்டுக்கு 30 நாள் வரை கொடுக்க விதி உண்டு. அது அரசு ஊழியருக்கு. அவள் கம்பெனியில் லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள்.

உறவுக்காரர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நானே கேட்டுக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வயதில் இவள் போய் என்ன வாங்கப்போகிறாள்? பதக்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. இதற்காக ஒரு வீடே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

மாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். ஓடாத கடிகாரத்துக்காக ஒரு வீடு நாலு வருடம் மாற்றிக்கொண்டதே. அந்தக் கம்புதான் என்னை ஆபீசில் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது. பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நோட் எழுதி, அதற்குத் தமிழில் திட்டு வாங்கிய நாட்கள் அவை. சாயங்காலம் கம்பைக் கையில் எடுத்தால் நான் வேறு ஆள். அவளுக்கும் அப்படி ஒன்று வேண்டியிருக்கும். காரணம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அவளை வைத்து எனக்கும் ஒரு லாபம் வந்தது. ஜூடோவில் முதலில் சொல்லிக்கொடுப்பது விழுவதற்கு. தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலை தரையில் படாமல், கையால் தரையை அறைந்து விழ வேண்டும். மாதக்கணக்கில் இதே பாடம்தான். பேரன் பாயைப் போட்டு அம்மாவிடம் கற்றுக்கொள்கிறான். எழுபத்தைந்து வயதில் நான் உருண்டு விழ முடியாது, முயலவும் மாட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எப்படி எழுந்திருப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். ஒருக்களித்து, ஒரு முட்டியை ஊன்றி, பிறகு மறுகாலை முன்னே வைக்க வேண்டும். குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்த நம் நண்பர்களை எண்ணிப் பாருங்கள். எனக்கு இது பெரிய வித்தை.

சண்டை சச்சரவே இல்லை என்று எழுதினால் பொய். ஐந்து மணிக் காபி போனது. இப்போது நானே போட்டுக்கொள்கிறேன், பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது. பெரிய சண்டை சாப்பாட்டில் வந்தது. கல்லூரியில் 57 கிலோவுக்குள் ஆடியவள், இப்போது உடம்பு 61. பழைய எடைக்கே இறங்குவேன் என்று இரண்டு வாரம் அரை வயிறு சாப்பிட்டாள், எடை பார்க்கும் நாள் நெருங்கியதும் தண்ணீரையும் குறைத்தாள். பொங்கலும் வடையுமாகச் செய்து வைத்த வீட்டம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இதில் மட்டும் நான் வாயைத் திறந்தேன். "63 கிலோவில் ஆடும்மா. கிளாரிஸும் அந்த எடைதான்" என்றேன். சிரித்தாள். அடுத்த போட்டிக்கு 63 என்றே எழுதிக் கொடுத்தாள். வயிற்றைக் காயப் போட்டு விரிப்பில் ஏறுவது வீரம் இல்லை என்பது என் அபிப்பிராயம். பயிற்சியாளர்கள் மறுக்கலாம்.

அந்தப் போட்டிக்கு முந்தின ராத்திரி பேரனுக்கு 101 காய்ச்சல். மகன், "போகாதே" என்று சொல்லவில்லை. ஆனால் தெர்மாமீட்டரை அவள் கண்ணெதிரே மூன்று முறை வைத்துப் பார்த்தான். சில பேச்சை வாயால் பேச வேண்டியதில்லை. அவள் பையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பதினொரு மணிக்கு வீட்டம்மா எழுந்து வந்து, "நீ போய்ப் படு. காய்ச்சல் அவனுக்குத்தானே, உனக்கு இல்லையே. அப்பன் இருக்கான், தாத்தா இருக்காரு" என்றார். காலை நாலே முக்காலுக்கு மகனே அவளை ஸ்கூட்டரில் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தான். பேரனுக்கு மருந்து கொடுத்தது, வாந்தி எடுத்த படுக்கை விரிப்பை அலசியது எல்லாம் அப்பனும் தாத்தாவும். அன்றைக்குத்தான் 1980-களின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு உள்ளேயிருந்து தெரிந்தன. மத்தியானம் மூன்று மணிக்கு நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

மருமகள் முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள். இரண்டாவதில் ஒரு இருபது வயதுப் பெண் ஒன்றரை நிமிடத்துக்குள் அவளை முழு முதுகும் தரையில் பட வீழ்த்திவிட்டது. இப்போன் என்பார்கள், அத்தோடு ஆட்டம் முடிந்தது. ராத்திரி எட்டு மணிக்கு வந்தாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இறங்கியிருந்தது. "தோத்துட்டேன் மாமா" என்றாள். "எந்தப் பக்கம் விழுந்தே?" என்று கேட்டேன். இடது காலை எப்படி இழந்தாள் என்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று காட்டினாள். மகனைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள். எனக்குப் பாதி புரிந்தது. கம்பில் நான் தோற்றதும் பெரும்பாலும் காலடியில்தான்.

அடுத்த போட்டி வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு. அன்றைக்கே என் அக்கா பேத்திக்கு வளைகாப்பு. நாங்கள் மூன்று பேரும் பேரனும் வருவோம், மருமகள் வரமாட்டாள் என்று போனில் சொல்லிவிட்டேன். "வளைகாப்பை விட அது பெருசா?" என்றார் அக்கா. அன்றைக்கு அதுதான் பெரிது என்றேன். போனை வைத்துவிட்டார். நாலு நாள் ஆகிறது, இன்னும் பேசவில்லை.