தலைதாழ்ந்திருப்பவரையும் காண்போம்

நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க் 1885–86ஆம் ஆண்டுகளில் தீட்டிய 'நோயுற்ற சிறுமி' என்னும் ஓவியம் ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடைய அக்காள் சோஃபி, 1877இல், தம் 15ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அந்நினைவே ஓவியத்தின் கரு. தந்தை மருத்துவராக இருந்தும் மகளைக் காக்க இயலவில்லை. அன்று அந்நோய்க்கு மருந்து கிடையாது. இன்று அதனைக் குணப்படுத்த இயலும்.

பெரிய வெண்ணிறத் தலையணையில் செந்நிறக் கூந்தலுடைய சிறுமி சாய்ந்திருக்கிறாள். அருகில் ஒரு பெண், முகம் தெரியாதவாறு தலையைத் தாழ்த்தி அமர்ந்திருக்கிறார். தாயை இழந்த மூங்கின் குடும்பத்தைப் பேணி வளர்த்த சித்தி காரெனை நினைவூட்டும் உருவம் அது.

இதனை மரணத்தின் ஓவியம் என்றே பலரும் கொள்வர். இருண்ட திரைச்சீலையும், வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி ஏற்பட்ட கீறல்களும் அதற்குச் சான்றாகலாம். என் கருத்து சற்று வேறு. ஒளி நோயாளியின் முகத்தில் இருக்கிறது. அம்முகத்தில் அமைதியும் இருக்கிறது. நிலைகுலைந்திருப்பவர் உடனிருக்கும் பெண்ணே. மருந்துப் புட்டி ஓர் ஓரத்திலும் குவளை மறு ஓரத்திலும் ஒதுங்கியிருக்க, நடுவில் இருவர் கைகளும் விரல்கள் பிரித்தறிய முடியாதபடி இணைந்துள்ளன. யார் யாரைத் தேற்றுகிறார் என்று சொல்ல முடியவில்லை.

மருத்துவமனையில் நாள்தோறும் இதற்கு மாறானதையே காண்கிறோம். உறவினர் தாழ்வாரத்தில் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் புன்னகையுடன் அறைக்குள் நுழைகிறார். நோயாளியும் அவருக்காகத் தம் வலியை மறைக்கிறார். அன்பினால்தான் இருவரும் மறைக்கின்றனர். ஆயினும் இருவரும் தனித்துப்போகின்றனர். தலைதாழ்ந்து அழுவது நோயாளியின் மனவுறுதியைக் குலைத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கையை விடாதிருப்பதே முதன்மை.

மூங்க் இதே காட்சியை ஏறத்தாழ 40 ஆண்டுகளில் 6 முறை தீட்டினார். நோயாளியின் துன்பம் முடிந்த பின்னரும் உடனிருந்தவரின் துன்பம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் எங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் உடனிருப்பவரின் நிலையை எழுத இடமில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மருத்துவர் பார்வையிட வரும்போது, நோயாளியின் நிலையோடு உங்கள் உறக்கம், உணவு, அச்சம் ஆகியவற்றையும் சொல்லுங்கள். ஓரிரவேனும் மற்றோர் உறவினரை அமர்த்திவிட்டு உறங்குங்கள். அதனால் உங்கள் அன்பு சிறிதும் குறைந்துவிடாது.