என் ஓட்டு பழைய ரொனால்டோவுக்கே

சிறந்த சென்டர் ஃபார்வர்டு யார் என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும், ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துவிடுகிறார். "கிறிஸ்டியானோ ரொனால்டோ 900 கோலைத் தாண்டிவிட்டார், சாம்பியன்ஸ் லீக்கில் மட்டும் 140, அப்புறம் என்ன பேச்சு?" என்று கேட்கிறார். எண்ணைச் சொன்னதும் சபை அடங்கிவிடுகிறது. எனக்கு மட்டும் அடங்குவதில்லை. என் ஓட்டு இன்னொரு ரொனால்டோவுக்கு. பல் சற்று எடுப்பாக இருக்கும் அந்தப் பிரேசில்காரருக்கு.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பேலேதான் முதலும் முடிவும். 1977-ல் அவர் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தா வந்து, ஈடன் கார்டனில் மோகன் பகானுடன் ஆடிவிட்டுப் போனதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் இந்தக் கணக்கில் இல்லை. 1992-ல் ஒரு விதி வந்தது. தன் அணிக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது. நேரத்தைக் கடத்தும் வித்தை பாதி அன்றோடு ஒழிந்தது, ஆட்டம் வேகம் பிடித்தது. அதற்குப் பிந்தியவர்களை மட்டும் பேசுவோம். வான் பாஸ்டன் கணுக்கால் போய் 28 வயதில், 1993-லேயே தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டதால் மயிரிழையில் வெளியே போகிறார், வருத்தம்தான். மெஸ்ஸியையும் தள்ளி வைக்கிறேன். ஆட்டக்காரர் என்று பார்த்தால் அவர்தான் எல்லோருக்கும் மேலே. ஆனால் கோலுக்கு முன்னால் நின்று அதையே தொழிலாகச் செய்தவர் அல்ல.

இனி எண்களுக்கு வருவோம். 1996-97-ல் இத்தாலி லீக்கில் அதிக கோல் அடித்தவர் ஃபிலிப்போ இன்ஸாகி. எத்தனை தெரியுமா? 24. 2011-12-ல் ஸ்பெயின் லீக்கில் மெஸ்ஸி 50, கிறிஸ்டியானோ 46. இத்தாலியில் அப்போது 34 ஆட்டம், ஸ்பெயினில் 38 என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி மலைபோல இருக்கிறது. அதற்காக இன்ஸாகி பாதி ஆட்டக்காரர் ஆகிவிடுவாரா? டிவி பணம் கொட்டக் கொட்ட, உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிளப்புகளில் போய்ச் சேர்ந்தார்கள். மற்ற அணிகள் அவர்களிடம் ஐந்தும் ஆறும் வாங்கிப் போவது வாடிக்கையாகிவிட்டது. தொண்ணூறுகளின் இத்தாலி அப்படி இல்லை. மால்டினி, நெஸ்டா, கன்னவாரோ, துராம் என்று ஆளுக்கொரு வாசலில் காவல் நின்றார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஊருக்கு 1997-ல் இன்டர் மிலான் அணிக்காக வந்த பிரேசில் ரொனால்டோ, முதல் சீசனிலேயே லீக்கில் 25 கோல் அடித்தார். அப்போது அவருக்கு வயது 21.

அதற்கு முந்தைய வருடம் பார்சிலோனாவில் 49 ஆட்டத்தில் 47 கோல். அதில் கொம்போஸ்டெலா அணிக்கு எதிராக அடித்த ஒன்றை யூடியூபில் பாருங்கள். நடுக்கோட்டருகே பந்து கிடைக்கிறது, ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், இவர் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார். கோல் விழுந்ததும் பயிற்சியாளர் பாபி ராப்ஸன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்கிறார். பெரும்பாலோர் பந்து காலுக்கு வந்ததும் கொஞ்சம் வேகம் குறைவார்கள். இவருக்கு அப்போதுதான் வேகம் கூடும். கோல்கீப்பர் முன்னால் வந்தால் மற்றவர்கள் அடித்துப் பார்ப்பார்கள். இவர் கோல்கீப்பரையும் தாண்டிப் போய் வெறும் வலையில் தட்டுவார். 1998 யூஃபா கோப்பை இறுதி ஆட்டத்தில் லாஸியோவின் மார்கெஜியானிக்கு நடந்ததும் அதுதான். காலை ஆட்டியே அவரைக் கீழே உட்கார வைத்துவிட்டார்.

பிறகு முழங்கால் போயிற்று. 1999 நவம்பரில் ஒரு முறை. 2000 ஏப்ரலில் திரும்பி வந்து மாற்று ஆளாக இறங்கிய சில நிமிடங்களில், எதிராளி யாரும் தொடாமலே, மறுபடியும் அதே முழங்கால். அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவே இல்லை. இந்த இடத்தில்தான் எண் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை. இழந்த அந்த வருடங்களைச் செல்போன் வெறும் பூஜ்யமாகக் காட்டுகிறது.

2002 உலகக் கோப்பைக்கு ரொமாரியோவைக் கூட்டிப் போக வேண்டும் என்று பிரேசிலே கத்தியபோது, பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரை விட்டுவிட்டு இந்த அரைகுறைக் காலை நம்பினார். 8 கோல். ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. இறுதி ஆட்டம் நமக்கு ஞாயிறு மாலை நாலரை மணிக்கு. தூக்கம் கெடாமல் பார்த்த அபூர்வமான இறுதி ஆட்டம் அது. அதுவரை அந்தப் போட்டியில் ஒரே ஒரு கோல் வாங்கியிருந்த ஜெர்மனியின் ஆலிவர் கான், இவரிடம் இரண்டு வாங்கினார். தலையை மழித்து முன்னால் மட்டும் ஒரு கொத்து விட்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? என் கால் வலியைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கேட்காமல் இருக்கத்தான் அப்படி வெட்டிக்கொண்டேன் என்று பின்னால் சொன்னார். சோழியன் குடுமி சும்மா ஆடவில்லை.

உலகக் கோப்பையில் அவர் அடித்தது மொத்தம் 15. அதில் 8 நாக்-அவுட் சுற்றுகளில், தோற்றால் பெட்டி கட்ட வேண்டிய ஆட்டங்களில். கிறிஸ்டியானோ 2006 முதல் 2022 வரை ஐந்து உலகக் கோப்பை ஆடியும் அந்தச் சுற்றுகளில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இதைச் சொன்னால் செல்போன்காரர் உடனே ஜெர்மனியின் குளோஸ் 16 அடித்தாரே என்பார். அடித்தார், நல்ல உழைப்பாளி. ஆனால் குளோஸை நினைத்து எந்த டிஃபன்ஸ்காரரும் முதல் நாள் ராத்திரி தூக்கம் கெட்டிருக்க மாட்டார்.

எதிர்க்கட்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் ஆள் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. பந்து எதிராளியிடம் போனால் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பார். கடைசிக் காலத்தில் உடம்பு கனத்துவிட்டது. மொத்தக் கோல் கணக்கில் கிறிஸ்டியானோவின் பாதிகூட வரமாட்டார். இருபது வருடம் உடம்பைக் கோயில்போல வைத்திருந்த கிறிஸ்டியானோவின் ஒழுக்கத்துக்கு என் வணக்கம். நீண்ட நாள் நன்றாக ஆடியவர் யார் என்று கேட்டால் அவர்தான், கேள்வியே இல்லை. கேள்வி அதுவல்லவே.

இரண்டாம் இடத்துக்கு நான் லெவண்டோவ்ஸ்கியைச் சொல்வேன். 2015-ல் வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி ஒன்பது நிமிடத்தில் ஐந்து கோல் அடித்தார். 2020-21-ல் ஜெர்மன் லீக்கில் 41 அடித்து, கெர்ட் முல்லரின் ஐம்பது வருடச் சாதனையைத் தாண்டினார். சுவாரெஸும் அந்த வரிசைக்காரர்தான். ஆளைக் கடிக்கிற பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால். ஹாலண்டைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.