தலையணையின் கடைசி ஐந்து அங்குலம்

விடுமுறைக்குத் தாயகம் சென்று புனே திரும்பும் நம்மவர்களின் மூட்டைகளில் இலவம் பஞ்சுக்கு இன்றும் ஓர் இடம் உண்டு. போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்றால் கேட்கவே வேண்டாம். அதைக்கொண்டு வீட்டிலேயே தலையணையும் திண்டும் தைத்துக்கொள்ளும் சகோதரிகளைப் பாராட்டுகிறோம். ஆனால் பஞ்சடைத்தபின் எஞ்சும் திறப்பைப் பலரும் அவசரமாகச் சுற்றித் தைத்து முடித்துவிடுகின்றனர். இது சரியன்று.

இலவின் இழை பருத்தியைப் போன்றதன்று. உள்ளே குழல்போல் வெறுமையாகவும், மேலே மெழுகு பூசினாற்போல் வழவழப்பாகவும் இருப்பது. நூற்பதற்கு அரிது, நீரில் மிதக்கும். இரண்டாம் உலகப் போரில் கப்பற்படையினரின் மிதவை அங்கிகளுக்குள் இதை அடைத்தது அதனாற்றான். அதே வழவழப்பினால் சிறு சந்து கிடைத்தாலும் நழுவி வெளியேறும். இழுப்பு உள்ள குழந்தை உறங்கும் அறையில் அத்துகள் பறப்பது விளையாட்டன்று.

பார்சல் ஆபீஸில் நாம் அன்றாடம் காணும் கோணித் தையல் வெளியே தெரிய வேண்டிய தையல். இடையில் எவரேனும் பிரித்திருந்தால் பார்த்தவுடன் புலப்பட வேண்டுமல்லவா? தலையணைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு.

திறப்பை மூலையில் விடாது, ஒரு பக்கத்தின் நடுவே 5 அங்குலம் விடுக. இரு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, பஞ்சடைக்குமுன்பே இஸ்திரி போட்டுவிடுதல் நலம். துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொள்க. ஒற்றை நூலே போதும். முடிச்சு மடிப்பினுள் மறைய வேண்டும். பிறகு ஊசியை ஓர் ஓரத்தின் மடிப்புக்குள்ளேயே நெல்மணி நீளம் செலுத்தி வெளியே எடுத்து, நேர் எதிரே உள்ள மடிப்பில் நுழைத்து, அங்கும் அவ்வளவே செலுத்துக. நேர் எதிரே என்பது முக்கியம்; சாய்ந்தால் வாய் கோணிவிடும். ஐந்தாறு தையலுக்குப்பின் பார்த்தால் நூல் ஏணிப்படிகளைப்போல் நிற்கும். மெல்ல இழுத்தால் படிகள் மறைந்து, இரு ஓரங்களும் பொருந்தும். சுருங்குமளவு இழுத்தல் கூடாது. முடிவில் ஒரே இடத்தில் இரண்டு சிறு தையல் போட்டு, ஊசியைத் தலையணைக்குள் விட்டு ஓர் அங்குலம் தள்ளி எடுத்து, நூலை இழுத்துப் பிடித்து வெட்டுக. நுனி தானே உள்ளே போய்விடும்.

இதில் மற்றொரு லாபம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இவ்வூர் மழையில் உறை ஈரங்கண்டு, பஞ்சும் கட்டியாகும். ஐப்பசி வெயிலில் பிரித்து உலர்த்தவேண்டுமானால், நடுவே ஒரு கண்ணியை வெட்டி நூலை உருவினாற் போதும், துணிக்குச் சேதமில்லை.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம், நம் இல்லங்கள் பலவற்றில் உறையாக இருப்பது அன்னையோ பாட்டியோ உடுத்திய நூற்சேலை. நமது மராட்டிய அண்டைவீட்டாரும் பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் கோதடி தைத்துப் போர்த்திக்கொள்கின்றனர். நைந்த சேலையில் ஆண்டுதோறும் மிஷின் ஊசி ஏறினால் ஓரமே கிழிந்துபோகும். அச்சேலையை மீண்டும் எந்தக் கடையில் வாங்குவது? அதன் நெசவு இளகியிருப்பதால் பஞ்சை நேரே அதில் அடைக்க வேண்டா. நெருக்கமாக நெய்த துணியில் உள்ளுறை தைத்து, சேலையை மேலே இடுக. மெல்லிய ஊசியும் நல்ல நூலும் துளசி பாகில் கிடைக்கும்.