மரம் கழிக்கக் கூலி பேசும்போது

ஐப்பசி பிறந்தால் அடைமழைதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, நினைவிருக்கிறதா சகோதரிகளே? கொல்லை மாமரத்துக் கிளை ஓட்டின்மேல் சாய்ந்திருந்தால், காய்ப்பு ஓய்ந்த ஆவணியிலேயே கழித்துவிடுங்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டு மரத்துக்கு ஒருவர் ரூ.1,500 கேட்டார், இன்னொருவர் ரூ.2,500. குறைவாச்சே என்று முதல் ஆளையே வைத்தேன். வெட்டிய கிளைகளை வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்! அள்ளிப்போக வண்டிக்கு ரூ.1,200 தண்டம் அழுதேன். மற்றவர் கேட்டது எல்லாம் சேர்த்துத்தான், நான்தான் விசாரிக்கவில்லை.

ஆகவே, இரண்டு மூன்று பேரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கிளை? எத்தனை ஆள்? கயிறு கட்டி இறக்குவார்களா? குப்பையை அள்ளுவது யார்? விறகு யாருக்கு? ஓடு உடைந்தால் யார் பொறுப்பு? அப்புறம்தான் கூலியை ஒப்பிட வேண்டும்.

மின்கம்பி அருகே கிளை இருந்தால், முதலில் மின்வாரியத்தில் சொல்லுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆள் ஏறட்டும். பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் அல்லவா?

நம் குழந்தைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசல் சுத்தமான பிறகே முழுப் பணம்!