ஐந்து சொற்களும் ஒரே தூக்கமும்

போட்டித் தேர்வுக்கான ஆங்கிலக் கையேடுகளில் 'ஒருபொருட்பன்மொழி' என்ற தலைப்பில் இப்படியொரு வரிசையைக் காணலாம்: ஸ்லீப்பி, ட்ரவுஸி, சாம்னலன்ட், லெத்தார்ஜிக், சோப்பரிஃபிக். ஐந்துக்கும் 'தூக்கக் கலக்கம்' என்று ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள் நம் மாணவர்கள். இதைச் சொல்வளம் என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். இது சொற்களின் வேறுபாட்டை அழிக்கும் பயிற்சி.

'ஸ்லீப்பி' குழந்தையும் சொல்லும் சொல். உறக்கத்தை நாடும் உடலின் இயல்பைக் குறிப்பது. 'ட்ரவுஸி' விழிப்பு தளர்ந்து கண் செருகும் நிலை. மருந்தோடும் வெக்கையோடும் சேர்ந்து வருவது. லத்தீன் வழிவந்த 'சாம்னலன்ட்' எழுத்து நடைக்கும் மருத்துவக் குறிப்புக்கும் உரியது. வீட்டுப் பேச்சில் ஒட்டாது. 'சோப்பரிஃபிக்' முதன்மையாகத் தூங்குபவரைக் குறிப்பதே அன்று, தூங்கவைப்பதைக் குறிப்பது. மாத்திரைக்கும் பொருந்தும், நம் கருத்தரங்க உரைகள் பலவற்றுக்கும் பொருந்தும். மறதியைச் சுட்டும் கிரேக்க வேரிலிருந்து வந்த 'லெத்தார்ஜிக்', பொதுவழக்கில் ஊக்கமிழந்த சோர்வு. அச்சோர்வு உடையவருக்கு உறக்கமே வராமலும் இருக்கலாம்.

இதெல்லாம் நுண்ணயம் பாராட்டுவோரின் கவலை என்று ஒதுக்குவோர் மருத்துவமனைக்குச் செல்லட்டும். சளி மாத்திரை அட்டையில் 'ட்ரவுஸி' என்றால் வண்டி ஓட்டாதே என்ற எச்சரிக்கை. நோயாளியின் குறிப்பேட்டில் அதே சொல் நினைவு மங்குவதன் அடையாளம். உடனே கவனிக்க வேண்டிய நிலை. அதைப் 'பாட்டி தூக்கத்தில் இருக்கிறார்' என்று உறவினர் புரிந்துகொண்டால் அவர் நிம்மதியடைவார்; அஞ்ச வேண்டிய நேரத்தில் வரும் நிம்மதி அது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த குழந்தைநோய் மேலாண்மை வழிகாட்டியில் 'லெத்தார்ஜிக்' பொதுவான ஆபத்து அறிகுறிகளுள் ஒன்று. வலிப்பு, பால் குடிக்க இயலாமை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்பது. கையேட்டை நம்பியவருக்கோ அது சோம்பல்.

'சூழலே பொருளைத் தெளிவாக்கும்' என்பது வழக்கமான மறுமொழி. யாருக்குத் தெளிவாக்கும்? அத்தொழிலின் வழக்கை அறிந்தவருக்கு மட்டும். மருத்துவரும் செவிலியரும் அச்சூழலுக்குள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தைப் பட்டியலாகக் கற்ற உறவினர் அதற்கு வெளியே நிற்கிறார். சூழலை எல்லோருக்கும் பொதுச்சொத்தாகக் கருதுவது, அதிகாரம் உள்ளவரின் வசதியைக் கோட்பாடாக்குவதாகும்.

உறக்கத்தை ஆராய்பவர்கள் இவ்வேறுபாட்டை அலட்சியம் செய்யவில்லை. மெல்போர்னில் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் எட்டுச் சூழல்களைத் தந்து, வெறும் களைப்பைச் சொல்லாமல் கண்ணயரும் வாய்ப்பை மட்டும் மதிப்பிடச் சொல்கிறது. தூக்கம் வேறு, களைப்பு வேறு என்ற பிரிவின் மேல்தான் அந்த வினாத்தாளே நிற்கிறது. அவ்வெட்டில் ஒன்று, போக்குவரத்தில் சில நிமிடம் நின்றிருக்கும் காரில் அமர்ந்திருப்பது. காரில் ஏறியே அறியாத நோயாளியிடம் இதை எந்தச் சொல்லால் கேட்பது? சொல்லுக்குச் சொல் வைத்துத் தப்பிக்க முடியாத மொழியியல் வினா இது.

இந்திய மொழியியல் துறைகளில் இத்தகைய சொல்லாய்வைப் பள்ளி ஆசிரியர் வேலை என்று இளக்காரமாகப் பார்க்கும் மனப்போக்கு உண்டு. தொடரியல் மரம் வரைவதை நானும் விரும்புகிறேன். ஆனால் மருந்துக்கடை முகப்பிலும் மருத்துவமனை வாயிலிலும் ஒரு சொல் எப்படிக் கேட்கப்படுகிறது என்று பதிவுசெய்வதும் கோட்பாட்டுப் பணிதான். நாம் அதைச் செய்யாத வரை, கையேட்டின் பட்டியல்தான் இந்நாட்டின் அகராதியாக இருக்கும்.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பில் அந்த ஐந்து சொற்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். பொருளைக் கேட்காதீர்கள். யார், யாரிடம், எப்போது சொல்வார், கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.