காரில் மணி என்ன?

காலை 6 மணி நிகழ்ச்சியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்வது என் வேலை. ஆனால் 4.45க்கு இருட்டில் கிளம்பும் என் காருக்குள் மணி தெரியாது. அப்பா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த, 20 வயதான கார். டேஷ்போர்டு கடிகாரத்தில் பகலில் எண்கள் தெரிகின்றன. பின்னால் எரியும் விளக்குதான் அவிந்துவிட்டது.

பட்டறையில் கேட்டேன். "முழுசா மாத்தணும். பழைய சாமான், கிடைக்கிறது கஷ்டம்" என்றார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு. "உள்ளே மிளகு அளவு பல்பு ஒண்ணு செத்திருக்கும்மா. அதுக்கா?"

தோட்டத்தில் இருந்த காலத்தில் எல்லார் வீட்டு ரேடியோவையும் பிரித்துப் பூட்டியவர் அவர். இப்போது கை நடுங்குகிறது. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். "நீ பத்த வை, நான் சொல்றேன்" என்றார்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினோம். கடிகாரத்தைப் பிரித்தால் சர்க்யூட் போர்டில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள். ஒவ்வொன்றும் 3.5 மில்லிமீட்டர் நீளம், 2.8 அகலம். பழைய தீபாவளி சரவிளக்கு மாதிரி வரிசையில் கோத்திருப்பதால், ஒன்று செத்தால் இரண்டும் அவியும். மல்டிமீட்டரை டையோடு அளவில் வைத்துத் தொட்டதும் ஒன்று லேசாக மின்னியது, மற்றது இல்லை. பக்கத்தில் 471 என்று எழுதிய ஒரு கறுப்புத் துணுக்கு. 47க்குப் பின் ஒரு பூஜ்யம், அதாவது 470 ஓம் ரெசிஸ்டர். இன்ஜின் ஓடும்போது வரும் 14 வோல்ட்டை இந்த விளக்கு நேராக வாங்கினால் நொடியில் கருகிவிடுமாம்.

கோலாலம்பூர் ஜாலான் பசாரில் பத்து விளக்கு வாங்கியும் ஒரு தட்டு மீ கோரெங் விலை வரவில்லை. எனக்கு நீலத்தில் ஆசை. இருட்டில் கண் கூசும், பச்சையே வாங்கு என்றார் அப்பா. ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும் என்பதால் இரண்டையும் மாற்ற வேண்டும். மூலை வெட்டியிருக்கும் பக்கம் நெகட்டிவ். கழற்றுவதற்கு முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டமே கழற்றுவதில்தான். ஒரு முனையில் ஈயம் இளகும்போது மறுமுனை இறுகிவிடுகிறது. இரண்டு முனையிலும் புது ஈயம் வைத்து, மாற்றி மாற்றிச் சூடு காட்டினால் தானாக நகரும். முதல் விளக்கு அப்படித்தான் வந்தது. இரண்டாவதை நான் அவசரப்பட்டு இழுத்தேன். அடியில் இருந்த செப்புத் தகடும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பழைய சார்ஜர் ஒயரை வெட்டு" என்றார். அதிலிருந்து ஒரே ஓர் இழை. விளக்கின் காலிலிருந்து ரெசிஸ்டர் வரைக்கும் அதைப் பாலமாகப் போட வேண்டும். எனக்கு இரண்டு கைதான் இருந்ததால் இழையை அவரே பிடித்தார். நுனி ஆடிக்கொண்டே இருந்தது. "நான் சொல்றப்போ தொடு" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் நின்ற ஒரு கணம், "இப்ப" என்றார். தொட்டேன்.

பேட்டரியை மாட்டியதும் பச்சை ஒளியில் 1:00 என்று மின்னியது. நேரத்தை அவரே வைத்தார்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது கடிகாரத்தில் 4.50. கைப்பேசியில் 4.45. அவர் வண்டிக் கடிகாரம் என்றைக்கும் ஐந்து நிமிடம் முன்னால்தான் ஓடும்.